வாஷிங் மெஷினின் உட்புறம்: போர் தண்ணீர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு தாம்பரத்தைத் தாண்டி இருக்கிறது. வருடம் முழுக்க போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். ஆறு வருடம் ஓடிய எங்கள் ஃப்ரண்ட் லோட் மெஷினை மெக்கானிக் மொட்டை மாடியில் பிரித்துப் போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அன்று பார்த்ததை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், அதன்பிறகு சொந்தக்காரர்கள், மாடி வீட்டார் என்று யார் மெஷினில் வாடை வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

தினமும் சோப்புத் தண்ணீர் ஓடுகிற மெஷினுக்குள் எப்படி அழுக்கு சேரும்?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டீல் டிரம் எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும், ஏனென்றால் துணி உரசி உரசி அதைத் துடைத்துவிடுகிறது. ஆனால் அந்த டிரம்முக்கு வெளியே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. தண்ணீர் நிற்பது அதில்தான். டிரம்மின் வெளிப்பக்கத்துக்கும் அந்தத் தொட்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் துணியும் உரசாது, நம் கையும் போகாது. கரையாத பவுடர், துணியிலிருந்து வரும் பஞ்சு, உடம்பு எண்ணெய், தண்ணீரின் உப்பு எல்லாம் அங்கேதான் ஒட்டும்.

எங்கள் டிரம்மை வெளியே எடுத்தபோது அதன் பின்பக்கம், மூன்று கை போல விரியும் அலுமினியத் தாங்கி இருக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் விரல் கனத்துக்குக் களிம்பு ஒட்டியிருந்தது. கரண்டியால் வழித்தால் நாள்பட்ட கஞ்சி போலத் திரண்டு வந்தது. நடுவில் ஒரு ஹேர்பின், ஒரு ஊக்கு, மல்லிகைச் சரம் கட்டிய வாழைநார்த் துண்டு. ஆறு வருடமும் இந்தத் தண்ணீரில்தான் எங்கள் துணி அலசப்பட்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த அலுமினியத் தாங்கியில் ஈரமும் காரமான சோப்புப் படிவும் நாள்கணக்கில் நின்றால் உலோகம் அரிக்கும். அரித்து உடைந்துவிட்டால் செலவு பெரியது, பல மெஷின்களில் டிரம்மோடு சேர்த்து மாற்றச் சொல்வார்கள்.

துவைத்த துணியில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டி வருகின்றன. துணியின் சாயமா?

சாயம் துணுக்கு துணுக்காக வராது. டிரம்முக்குப் பின்னால் சேர்ந்த களிம்பு காய்ந்து உரிந்து வருவதுதான் அது. எங்கள் வீட்டிலும் முதலில் தெரிந்தது இதுதான். மாமனாரின் வெள்ளை வேட்டியில் மிளகுத் தூள் தூவியது போலப் புள்ளிகள், தேய்த்தால் இழுபட்டுக் கோடாகிவிடும். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஒரு தடவை சுத்தம் செய்து நிறுத்தினால் போதாது. முதல் தடவை களிம்பு தளர்ந்து அதுவரை வராத துணுக்குகளும் சேர்ந்து வரும். பயந்துவிடாமல் வாரம் ஒன்றாக மூன்று நான்கு தடவை வெறும் டிரம்மை ஓட விடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மெக்கானிக்கை அழைத்துப் பிரித்துக் கழுவச் சொல்லிவிடலாம்.

துணுக்குகள் வெள்ளையாக, மணல் மாதிரி நெருடினால் அது தண்ணீர் உப்பு. வெள்ளையாக இருந்து விரலில் வழுக்கினால் கரையாத பவுடர், அளவைக் குறைத்தால் சரியாகிவிடும்.

துணியிலும் மெஷினிலும் மக்கிய வாடை வருகிறது. கம்ஃபர்ட்டை அதிகம் ஊற்றினால் போகுமா?

போகாது, கூடும். இதை மட்டும் தயவுசெய்து எல்லோரிடமும் சொல்லுங்கள். துணிக்கு மென்மை தரும் அந்தத் திரவங்கள் கொழுப்புத் தன்மை உள்ளவை. சோப்பின் மிச்சத்தோடு சேரும்போது மெழுகு மாதிரி ஒரு பிசுக்காகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுக்கு கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் நல்ல சாப்பாடு, வாடை அவற்றிடமிருந்துதான் வருகிறது. வாசனைத் திரவம் அன்றைக்கு அதை மறைக்கும், அடுத்த வாரத்து வாடைக்கும் அதுவே தீனி போடும்.

பவுடரும் இதே கதைதான். உப்புத் தண்ணீரில் நுரை வராததைப் பார்த்து ஒரு கரண்டி கூடப் போடுவது நம் வீடுகளின் வழக்கம், எங்கள் அத்தை இரண்டு கரண்டி கூடப் போடுவார். கடினத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதல் பவுடர் தேவை என்பது உண்மை, பாக்கெட்டிலேயே அதற்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவாகப் போட்டோமா என்று தெரிய ஒரு சோதனை: துவைத்து முடித்த துண்டை எடுத்துப் பவுடர் எதுவும் போடாமல் இன்னொரு தடவை ஓட விட்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுரை வந்தால் அந்த நுரை முழுவதும் பழைய சோப்பு. கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடவே கூடாது, அதன் நுரை தொட்டிக்குள் மேலேறி மூலை முடுக்கெல்லாம் படிந்துவிடும்.

இவற்றுக்கு அப்புறம் கதவு. துவைத்ததும் மூடிவைக்கும் பழக்கத்தை விட்டாலே பாதி வாடை போய்விடும். கதவையும் பவுடர் டிராயரையும் திறந்தே விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய டிரம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஆனால் தவழும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் செய்யும்போது கவனம், ஃப்ரண்ட் லோடுக்குள் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். மெஷின் இருக்கும் அறையை அல்லது பால்கனிக் கதவைப் பூட்டிவையுங்கள்.

இத்தனையும் செய்தும் சாக்கடை வாடை மாதிரி வந்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் தண்ணீர் வெளியேறும் ஹோஸைப் பாருங்கள். அதைக் கழிவுக் குழாய்க்குள் ஆழமாகச் செருகி, சுற்றிலும் துணி அடைத்து வைத்திருந்தால் குழாயின் வாடை நேராக டிரம்முக்கு ஏறும்.

எங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோதனைக் கூடத்துக்குக் கொடுத்தால் கடினத்தன்மை என்று ஒரு எண் தருவார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் இரண்டு பாட்டில்களில் ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை பொங்கி, மற்றதில் தயிர் திரிந்தது போல வெள்ளைத் திப்பி மிதந்தால் அதுதான் பதில். பக்கெட்டில் வெள்ளை வளையம் கட்டுகிற வீட்டுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை.

உப்பு மெஷினை என்ன செய்துவிடும்?

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து படியும். அதனால் முதல் அடி ஹீட்டருக்குத்தான். ஹீட்டர் கம்பி மேல் சுண்ணாம்பு ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கும், நேரம் கூடும், கரண்ட் கூடும், கடைசியில் கம்பியே போய்விடும். எங்கள் மெஷினில் பென்சில் கனமான ஹீட்டர் கம்பி சுண்ணாம்பு ஏறிக் கட்டைவிரல் கனத்துக்கு வந்திருந்தது. ஹீட்டர் இல்லாத டாப் லோடுக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே உப்பு பிசுக்கோடு சேர்ந்து கெட்டியாகும்.

படிந்த உப்பைக் கரைக்கக் கடையில் விற்கும் டீஸ்கேலிங் பவுடர் அவசியமா, சிட்ரிக் அமிலம் போதுமா?

அந்தப் பவுடர்களில் பலவற்றின் அடிப்படையே சிட்ரிக் அமிலம்தான். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சொல்வதையே போடுங்கள், பிறகு உங்கள் விருப்பம். நான் ஃப்ரண்ட் லோடுக்கு 100 முதல் 150 கிராம் வரை நேராக டிரம்மில் போட்டு, துணி இல்லாமல், காட்டன் புரோகிராமை 60 டிகிரியில் வைத்து ஓட விடுகிறேன். போர் தண்ணீருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மெட்ரோ தண்ணீர் வரும் என் தங்கை வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. நடுவில் பத்து நிமிடம் நிறுத்தி ஊறவைப்பேன். முடிந்ததும் ஒரு ரின்ஸ்.

ஆனால் இது உப்பைத்தான் கரைக்கும், சோப்புப் பிசுக்கை எடுக்காது. பிசுக்குக்குச் சூடும், அதற்கென்று விற்கும் டப் கிளீன் பவுடரும் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சிட்ரிக் அமிலம் போட்டும் வாடை போகவில்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். வெளிவரும் அமிலத் தண்ணீர் மார்பிள், மொசைக் தரையில் ஓடினால் பளபளப்பு போய்விடும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துப் போடச் சொல்லி எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்களே?

பொங்கி வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும், வேலை நடக்காது. ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு வாயுவும், தண்ணீரும், ஒரு சாதுவான உப்பும்தான் மிஞ்சும். வினிகரைத் தனியாக அடிக்கடி ஊற்றினாலும் ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. ப்ளீச் திரவமோ ப்ளீச்சிங் பவுடரோ போடும் நாளில் சிட்ரிக் அமிலம், வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் கழுவும் ஆசிட் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் போட்டு முழுதாக அலசிய பிறகு, இன்னொன்றை வேறொரு நாள் போடுங்கள். ப்ளீச் போடலாமா என்பதற்கே மெஷினுக்கு மெஷின் பதில் மாறும், கூட வந்த கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃப்ரண்ட் லோட் கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளிகள். போகுமா?

ரப்பரின் கீழ் மடிப்பை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். அங்கே எப்போதும் கொஞ்சம் தண்ணீரும், முடியும், பஞ்சும், சில சமயம் சில்லறைக் காசும் இருக்கும். அந்த மடிப்பின் அடியில் சின்னத் துளைகள் உண்டு, தண்ணீர் வடிவதற்கு. அவை அடைத்தால்தான் தண்ணீர் தேங்கிப் பூஞ்சை வரும். பல் குத்தும் குச்சியால் துளையைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை துவைத்து முடிந்ததும் பழைய பனியன் துணியால் மடிப்பை ஒரு சுற்றுத் துடைப்பதற்கு அரை நிமிடம் போதும். வந்துவிட்ட பூஞ்சைக்கு, உங்கள் மெஷினுக்கு ப்ளீச் ஆகும் என்றால், நீர்த்த ப்ளீச்சில் நனைத்த துணியை மடிப்பில் கால் மணி நேரம் வைத்து, கையுறை போட்டுத் துடைத்து, ஒரு ரின்ஸ் விடுங்கள். ரப்பருக்குள் ஊறிப்போன கறுப்பு முழுதாகப் போகாது. வழவழப்பும் வாடையும் இல்லையென்றால் அது வெறும் கறை, விட்டுவிடலாம். கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் அங்கே வைக்காதீர்கள்.

டிரெயின் ஃபில்டரைத் திறந்தால் வெள்ளமாகிவிடுகிறதே!

தண்ணீர் வெளியேறும் வழியில் இருக்கும் வடிகட்டி அது, ஃப்ரண்ட் லோடில் கீழே ஓரத்தில் உள்ள சின்ன மூடிக்குள்ளே இருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். மூடிக்குள் சில மெஷின்களில் விரல் மாதிரி ஒரு குட்டிக் குழாய் இருக்கும், அதன் அடைப்பை எடுத்தால் தண்ணீர் மெதுவாக வடியும். அகலமான தட்டு ஒன்றை வைத்து, நிரம்பினால் அடைத்து, ஊற்றிவிட்டு மறுபடி திறங்கள். குட்டிக் குழாய் இல்லாத மெஷினில் பழைய துண்டுகளைப் பரப்பி, ஃபில்டரையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வடியவிட வேண்டும். ஒரேயடியாகக் கழற்றுவதால்தான் வெள்ளம்.

ஃபில்டரை எடுத்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பம்பின் சின்ன விசிறி தெரியும். குச்சியால் தள்ளினால் வழுவழுவென்று சுற்றாமல் விட்டு விட்டுத் துள்ளும். பல பம்புகளில் காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், பழுது இல்லை. முடியோ நூலோ சுற்றியிருந்தால் உருவி எடுங்கள். மூடும்போது ஃபில்டர் சரியான மரையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள், டிரம்மில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று கவனித்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். மாதம் ஒரு தடவை போதும். சுழற்றி முடித்த பிறகும் துணி சொட்டச் சொட்ட வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

எங்களுடையது டாப் லோட். ஹீட்டர் கிடையாது. என்ன செய்வது?

கீஸரில் சூடாக்கிய தண்ணீர் இரண்டு மூன்று பக்கெட் ஊற்றுங்கள், அடுப்பில் கொதிக்கவைத்தது வேண்டாம். அப்புறம் தண்ணீர் அளவை உச்சத்தில் வைத்து நிரப்புங்கள். டப்பின் வெளிப்பக்கத்தில் மேல் விளிம்பை ஒட்டித்தான் பிசுக்கு வளையம் கட்டியிருக்கும், பாதித் தண்ணீரில் அது நனையவே நனையாது. டப் கிளீன் பவுடரைப் போட்டு ஐந்து நிமிடம் சுற்றவிட்டு நிறுத்தி, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நீண்ட நேரம் நிறுத்தினால் தானாக அணைந்துவிடும் மெஷின்களும் உண்டு, அப்படியென்றால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றவிடுங்கள். மறுபடி சுற்றும்போது மேலே மிதந்துவரும் கசடை டீ வடிகட்டியால் அள்ளிவிடுங்கள். அள்ளாமல் தண்ணீரை வெளியேற்றினால் அதில் பாதி திரும்பவும் அடியில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை செய்கிறவர்கள் அள்ள அள்ள வருவதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆனால் அது வெளியே வருவதுதான் நல்லது.

பஞ்சு வடிகட்டும் பையை ஒவ்வொரு தடவையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கழுவுங்கள். அடியில் சுற்றும் பல்சேட்டர் தட்டின் நடுத்திருகைக் கழற்றினால் கீழே சேர்ந்த அழுக்கைத் துடைக்கலாம். ஆனால் துருப்பிடித்த திருகை பலம்போட்டுத் திருகி மரையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், வராவிட்டால் மெக்கானிக் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், சுழற்றும் டப்பில் மட்டும் மோட்டாரை ஓடவிடாமல் ஒரு பக்கெட் சூடான தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் போதும்.

எண்ணெய்க் குளியல் துண்டு, தலையணை உறை, கஞ்சி போட்ட வேட்டி எல்லாம் போடலாமா?

போடலாம், ஆனால் நம் வீட்டு மெஷின்களின் பிசுக்கில் பெரும்பங்கு தலைக்கு வைக்கும் எண்ணெயிலிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன். எண்ணெய்த் துண்டைப் பச்சைத் தண்ணீர் விரைவுத் துவைப்பில் போட்டால் எண்ணெய் துணியை விட்டு மெஷினுக்குப் போகும், மெஷினை விட்டுப் போகாது. அவற்றைச் சேர்த்துவைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 60 டிகிரியில் துவையுங்கள், துணியும் சுத்தம், டிரம்மும் சுத்தம். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: 12 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். கஞ்சியைப் பொறுத்தவரை, பழைய கஞ்சி உள்ள வேட்டியைப் போடும் முன் ஒரு தடவை அலசிவிடுங்கள். புதிதாகக் கஞ்சி போடுவதை பக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பவுடர் டிராயரில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது.

அடியில் கொஞ்சமாக நின்றால் இயல்பு. கம்ஃபர்ட் ஊற்றும் அறை முழுதாக நிரம்பி நின்றால், அதிலிருக்கும் மூடி மாதிரியான சின்ன பாகம் பிசுக்கு அடைத்திருக்கிறது. டிராயரை முழுதாக வெளியே இழுத்து, அந்த மூடியைக் கழற்றிச் சூடான தண்ணீரில் ஊறவைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். டிராயர் போகும் பொந்தின் மேற்கூரையையும் தேயுங்கள், கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பூஞ்சை அங்கே கூடுகட்டும்.

தண்ணீர் உள்ளே வர ரொம்ப நேரமாகிறது.

குழாயை மூடி, மெஷினின் பின்பக்கம் இன்லெட் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டி வலை இருக்கும். குறடால் மெதுவாக இழுத்தெடுத்துக் கழுவுங்கள். லாரித் தண்ணீர் இறக்கிய மறுநாள் அதில் மணல் நிறைந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வலையைத் தூக்கிப்போட்டுவிட்டு மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு, கேட்காதீர்கள், மணல் நேராக வால்வுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். மெஷினை எப்படி விட்டுப்போவது?

கிளம்புவதற்கு முந்தைய நாளே கடைசித் துவைப்பை முடித்து, டிரெயின் ஃபில்டரைத் திறந்து நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ரப்பர் மடிப்பைத் துடைத்து, குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வையுங்கள். எலித் தொல்லை உள்ள வீடென்றால் மெஷினின் அடிப்பாகத் தட்டு விலகாமல் இருக்கிறதா என்று பாருங்கள், எலி அந்த வழியாகத்தான் ஏறி வயரைக் கடிக்கும். திரும்பி வந்ததும் துணியைப் போடாமல் ஒரு ரின்ஸ் ஓடவிடுங்கள். ஹோஸில் நின்ற தண்ணீர் கலங்கலாக வரும், அது போன பிறகு துவைக்கலாம்.